கெட்டில் அடுப்பை ஸ்மோக்கர் ஆக்க: எதற்குக் காசு போடலாம், எதை விடலாம்

எங்கள் வீட்டுக் கொல்லையில் இருப்பது ஒரே ஒரு கரி அடுப்பு. வெபர் கம்பெனியின் 22 அங்குல கெட்டில். டெக்சாஸில், அதுவும் ஆஸ்டின் பக்கத்தில் இருந்துகொண்டு, புகையில் மணிக்கணக்காக வேகும் இறைச்சிக்குத் தனியாக ஒரு ஸ்மோக்கர் வாங்கவில்லையா என்று கேட்காதவர்கள் கிடையாது. வேண்டாம் என்பதுதான் என் பதில். இந்தக் கெட்டிலையே ஃபாரன்ஹீட்டில் 225 டிகிரிக்கு, அதாவது செல்சியஸில் 107க்கு, கொண்டுவந்து எட்டு பத்து மணி நேரம் அசையாமல் நிறுத்த முடியும். அதற்காக விற்கப்படும் உபரிச் சாமான்கள் ஏராளம். நான் வாங்கிப் பயன்படுத்தியவற்றையும், நண்பர்கள் வீட்டில் கிட்டே நின்று பார்த்தவற்றையும் பற்றி எழுதுகிறேன்.

கட்டடங்களுக்கு ஏசி டக்ட் வரைவது என் வேலை. காற்று எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது, வழியில் எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பதுதான் தினப்படி பிழைப்பு. அந்தக் கண்ணோடு பார்த்தால் கரி அடுப்பு மிக எளிமையான சாதனம். கரி எவ்வளவு போட்டிருக்கிறோம் என்பது எவ்வளவு நேரம் எரியும் என்பதைத் தீர்மானிக்கும். எவ்வளவு சூடாக எரியும் என்பதைக் காற்று தீர்மானிக்கும். ஆகவே கெட்டிலுக்கு வாங்கும் எந்தச் சாமானிடமும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது காற்றை என் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருகிறதா?

கெட்டிலின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் அதன் பலமும் குறையும் புரியும். ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவர் சிகாகோவில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் வொர்க்ஸ் என்ற தகட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். அங்கே ஏரியில் மிதக்கவிடும் உலோக மிதவைகளுக்கான அரைக்கோளங்கள் தயாராகிக்கொண்டிருந்தன. 1952இல் அதில் ஒன்றைக் கிண்ணமாகவும் இன்னொன்றை மூடியாகவும் வைத்து அவர் செய்ததுதான் முதல் கெட்டில். திறந்த அடுப்பில் காற்றும் மழையும் செய்யும் தொல்லைக்கு அது விடை. மூடியைப் போட்டால் சூடு கோளத்துக்குள் சுழலும். கீழே மூன்று துளைகள், மேலே ஒன்று. இந்த நான்கையும் வைத்துத் தீயைக் கூட்டலாம், குறைக்கலாம். ஸ்டேக்குக்கும் கோழிக்கும் இதைவிட நல்ல அடுப்பை நான் பார்த்ததில்லை. ஆனால் 225 டிகிரியில் நாள் முழுக்க நிற்பதற்கு வேண்டிய காற்று மிக மிகக் கொஞ்சம். அந்த அளவுக்கு வரும்போது, துளைகள் வழியாக நாம் விடும் காற்றைவிட இடுக்குகள் வழியாகத் தானாக நுழையும் காற்று பெரிய விஷயமாகிவிடுகிறது.

அவ்வளவு மெதுவாக ஏன் வேகவைக்க வேண்டும் என்பதற்கும் ஒரு வார்த்தை. தோள், மார்பு போன்ற, விலங்கு நாளெல்லாம் உழைக்கவைக்கும் பாகங்களில் கொலாஜன் என்ற கெட்டியான இணைப்புத் திசுப் புரதம் அதிகம். அது இளகி ஜெலட்டின் ஆவதற்குச் சூடு மட்டும் போதாது, நேரமும் வேண்டும். எங்களுக்குத் தெற்கே இருக்கும் லாக்ஹார்ட் ஊரை டெக்சாஸ் சட்டமன்றமே மாநிலத்தின் பார்பிக்யூ தலைநகர் என்று அறிவித்திருக்கிறது. அந்த வட்டாரத்தில் உப்பும் மிளகும் தடவிய மாட்டு மார்புக்கறியைப் போஸ்ட் ஓக் விறகில் விடிய விடிய வேகவைப்பார்கள். அங்கெல்லாம் விறகே எரிபொருள், அடுப்பு ஒரு வண்டி நீளம் இருக்கும். கெட்டிலில் கரிதான் எரிபொருள். விறகுத் துண்டு வாசனைக்கு மட்டும். முழு பிரிஸ்கெட், அதாவது அந்த மார்புக்கறி முழுத் துண்டாக, 22 அங்குலத் தட்டில் ஒருவழியாக அடங்கும், ஆனால் ஒரு முனை தீயை ஒட்டிக் காயும். கெட்டிலுக்கு இயல்பாகப் பொருந்துவது தோள்கறிதான். பன்றித் தோளைச் சாப்பிடுகிறவர்களுக்கு அது. எங்கள் நண்பர் கூட்டத்தில் பலர் மாடும் பன்றியும் தொடாதவர்கள் என்பதால், எங்கள் வீட்டில் பெரும்பாலும் எலும்போடு கூடிய செம்மறித் தோள்.

சமீபத்தில் புதிதாகக் கெட்டில் வாங்கிய நண்பர் ஒருவர், "அண்ணே, முதல்ல எதை வாங்கணும்? கூடையா, கேஸ்கெட்டா?" என்று கேட்டார். "ரெண்டும் இல்ல தம்பி. தெர்மாமீட்டர்" என்றேன். (கரியை ஒதுக்கிவைக்கும் கூடை, மூடி விளிம்பில் ஒட்டும் நாடாவான கேஸ்கெட், இரண்டையும் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.)

மூடியில் பதித்து வரும் வட்டமான தெர்மாமீட்டரை நம்பி மெதுவான சமையல் செய்ய முடியாது. இதில் கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை, அது இருக்கும் இடம் அப்படி. ஒரு பக்கம் தீ, எதிர்ப்பக்கம் இறைச்சி என்று அமைக்கும்போது, புகை இறைச்சியைத் தாண்டிப் போவதற்காக மூடியின் துளையை இறைச்சிக்கு மேல் வருமாறு திருப்பி வைப்போம். அப்போது தெர்மாமீட்டர் நேராகத் தீயின் பக்கம் போய்விடும், அதுவும் குவிமாடத்தின் உயரத்தில். என் அடுப்பில் மூடி 300 காட்டும்போது, இறைச்சிக்கு அருகே தட்டின் மட்டத்தில் 240 இருப்பதைச் சாதாரணமாகப் பார்க்கிறேன். இரண்டு கம்பி உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று போதும்: ஒரு கம்பியைக் கிளிப் போட்டுத் தட்டின் மேல் இறைச்சிக்கு இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்துங்கள், இன்னொன்றை இறைச்சிக்குள் எலும்பைத் தொடாமல் செருகுங்கள். ஐம்பது, அறுபது டாலரில் நன்றாகவே கிடைக்கிறது. போனுக்குத் தகவல் அனுப்பும் வகை வசதிதான், ஆனால் அவசியம் இல்லை. வாங்கியதும் கொதிக்கும் தண்ணீரில் ஒருமுறை, ஐஸ் நிறைந்த தண்ணீரில் ஒருமுறை வைத்துச் சரிபாருங்கள். இது இல்லாமல் மற்ற எதை வாங்கினாலும் அது வேலை செய்கிறதா என்பதே உங்களுக்குத் தெரியாது.

அடுத்துக் காசே இல்லாமல் செய்யக்கூடியவை. விலை கொடுத்து வாங்கியவற்றில் பாதிக்கு மேல் இவற்றின் அளவுக்குப் பயன் தரவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கரித்தட்டில் கரி இல்லாத பாதியைத் தடித்த அலுமினிய ஃபாயிலால் மூடிவிடுங்கள். கீழிருந்து வரும் காற்று எப்போதும் சுலபமான வழியைத் தேடும். கரி அடைத்துக்கொண்டிருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு வெறும் பக்கம் வழியாக ஏறி, இறைச்சியைக் குளிரவைத்துவிட்டு, மேல் துளையில் போய்விடும். ஃபாயில் போட்டதும் அத்தனை காற்றும் கரி வழியாகத்தான் போயாக வேண்டும். அதன் பிறகு அடித்துளையை ஒரு நூல் அளவு நகர்த்தினாலும் தெர்மாமீட்டரில் தெரிகிறது. அதே ஃபாயில் சொட்டும் கொழுப்பையும் பிடித்துக்கொள்ளும்.

அடித்துளைகளைத் திறந்து மூடும் நெம்புகோலின் பக்கத்தில் வெப்பம் தாங்கும் பெயின்ட் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். முழுக்க மூடியது, பென்சில் நுழையும் அளவு, கால், அரை. காற்றில்லாத ஒரு நாளில் எந்தக் கோட்டில் எவ்வளவு சூடு நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டால், அடுத்த முறை தேட வேண்டியதில்லை. என் கெட்டிலில் மேல் துளை பாதி, அடித்துளை பென்சில் அளவு என்பது 230ஐ ஒட்டி நிற்கிறது. உங்களுடையது வேறு எண் காட்டலாம்; எண் எதுவானாலும் அது உங்கள் அடுப்புக்கு மாறாமல் இருப்பதுதான் முக்கியம்.

பிறகு கரியை அடுக்கும் விதம். பிரிக்கெட்டுகளை, அதாவது கரித்தூளை அழுத்திச் செய்த கட்டிகளை, கிண்ணத்தின் ஓரமாக இரண்டிரண்டாக, இரண்டு அடுக்கில், அரைவட்டத்துக்கு மேல் வளைத்து அடுக்கி, ஒரு முனையில் மட்டும் நன்றாகக் கனன்ற எட்டு பத்துத் துண்டுகளை வைத்துவிட்டால், கொசுவர்த்திச் சுருளைப் போல முனையிலிருந்து மெதுவாக எரிந்துகொண்டே போகும். இதை இங்கே பாம்பு முறை என்பார்கள். விறகுத் துண்டுகளை அந்த வரிசையின் மேலேயே முதல் பாதியில் இடைவெளி விட்டு வைத்துவிடலாம். நடுவில் ஒரு ஃபாயில் தட்டில் தண்ணீர், அதற்கு மேலே இறைச்சி. கிங்ஸ்ஃபோர்ட் மாதிரி ஒரே அளவுள்ள பிரிக்கெட் இதற்குச் சரியானது. அழுத்திச் செய்யாத மரக்கரியான லம்ப் கரியில் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு அளவில் இருப்பதால் வரிசை ஓரிடத்தில் பாய்ந்து எரியும், ஓரிடத்தில் தயங்கும்.

பாம்பு முறை நன்றாகவே வேலை செய்கிறது. அதில் எனக்குள்ள மனக்குறை இரண்டு. தீ வட்டமாக நகர்வதால் இறைச்சியின் தீயை நோக்கிய பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். நீளமான துண்டாக இருந்தால் ஒரு முனைக்கு அதிகச் சூடு பட்டுவிடும். இன்னொன்று, குளிர்காலத்தில் எங்கள் பக்கம் வடக்கிலிருந்து திடீரென்று இறங்கும், நார்தர் எனப்படும் காற்று. கரி மெல்லிய வரிசையாக இருப்பதால் ஒரே வீச்சில் தீ அடுத்தடுத்த துண்டுகளுக்குத் தாவிவிடும். அப்படி வேகம் எடுத்த வரிசையைத் திரும்ப அடக்குவது கடினம்.

இந்த இரண்டுக்கும் விடையாகத்தான் எஸ்என்எஸ் கிரில்ஸ் நிறுவனத்தின் ஸ்லோ என் சியர் கூடையை வாங்கினேன். துருப்பிடிக்காத எஃகில் செய்த கனமான சாமான். கெட்டிலின் ஒரு ஓரத்தில் கச்சிதமாக உட்காருகிறது. கரிக்கும் இறைச்சிக்கும் நடுவே வரும் சுவர் இரட்டைச் சுவர். அதன் இடைவெளியில் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் பிடிக்கும். இதன் சூட்சுமம் அந்தத் தண்ணீர்ச் சுவர்தான். பக்கத்தில் கரி செக்கச் செவேலென்று இருந்தாலும் இறைச்சியை நேராகச் சுடும் கதிர்வீச்சு அந்தச் சுவரில் தடைபடுகிறது. தண்ணீர் இருக்கும்வரை அந்தச் சுவர் கொதிநிலையைத் தாண்டிச் சூடாக முடியாது. கூடவே, ஆவி அடுப்புக்குள் ஈரத்தைக் கூட்டுகிறது. ஈரமான, குளிர்ந்த மேற்பரப்பில்தான் புகை நன்றாகப் படியும்.

ஒரு மூலையில் பத்துப் பன்னிரண்டு கனன்ற பிரிக்கெட், மீதி இடம் முழுக்க எரியாத கரி, மேலே மூன்று நான்கு விறகுத் துண்டு, தொட்டியில் வெந்நீர். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அதைச் சூடாக்கவே அரை மணி நேரத் தீ வீணாகும். இந்த அமைப்பில் என் கெட்டில் ஆறேழு மணி நேரம் 225க்கும் 250க்கும் நடுவே நிற்கிறது. நடுவில் தண்ணீர் தீரும். மடிந்து திறக்கும் தட்டு இருந்தால் மூடியைச் சில விநாடி தூக்கி நீண்ட மூக்குள்ள குவளையால் ஊற்றிவிடலாம். நார்தர் அடிக்கும் நாளிலும் சூடு பத்துப் பதினைந்து டிகிரிக்கு மேல் ஆடியதில்லை. சமையல் முடிந்து, கடைசியில் மேல்தோலை முறுகலாக்க வேண்டுமென்றால், அதே கரிக்குக் காற்றைத் திறந்துவிட்டு நேராக அதன் மேல் வைக்கலாம். பாம்பு முறையில் அது முடியாது.

விலை குறைவு என்று சொல்ல மாட்டேன். கெட்டிலின் விலையில் கணிசமான பங்கு. மாதத்துக்கு ஒருமுறையாவது மெதுவான சமையல் செய்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். வருடத்துக்கு இரண்டு முறை செய்பவர்களுக்கு இரண்டு ஃபயர் பிரிக் போதும். கரியைப் பக்கவாட்டில் ஒதுக்கிக் கட்டியதுபோல் அந்தச் செங்கற்களை நிறுத்தி, தண்ணீர்த் தட்டைத் தனியாக வைத்தால், கூடை தரும் பலனில் முக்கால் பங்கு கிடைக்கும். கட்டடச் சாமான் கடையில் சில டாலர்தான்.

இனி எல்லோரும் அதிகம் பேசும் கேஸ்கெட். மூடிக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஒட்டும், வெப்பம் தாங்கும் நோமெக்ஸ் இழையால் ஆன நாடா. மூடி விளிம்பிலிருந்து புகை கசிவதைப் பார்த்துப் பதறித்தான் பெரும்பாலானோர் இதை வாங்குகிறார்கள். என் தொழில் வழக்கப்படி ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி எடுத்துக்கொண்டு, அடுப்பு 230இல் நின்றுகொண்டிருக்கும்போது விளிம்பைச் சுற்றிக் காட்டிப் பார்த்தேன். இதை எல்லோரும் செய்து பார்க்க வேண்டும். மேல் துளையைக் குறுக்கி வைத்திருக்கும்போது ஊதுபத்திப் புகை விளிம்பிலிருந்து வெளியே தள்ளப்படுகிறது. மேல் துளையை முழுக்கத் திறந்து, அடித்துளையால் மட்டும் கட்டுப்படுத்தும்போது அதே விளிம்பில் புகை உள்ளே இழுபடுகிறது. சூடான காற்று மேலே சுலபமாகப் போகிறது, கீழே நுழைய வழி இல்லை என்றால், உள்ளே அழுத்தம் வெளியைவிடக் குறைந்து, எல்லா இடுக்குகளும் மூச்சு இழுக்கத் தொடங்கும். ஆக, கண்ணுக்குத் தெரியும் கசிவு தீயை வளர்ப்பதில்லை. தீயை வளர்க்கும் கசிவு கண்ணுக்குத் தெரிவதில்லை.

அப்படி விளிம்பில் நுழையும் காற்றிலும் பெரும்பகுதி கரிக்கு மேலே நுழைந்து நேராக மேல் துளைக்குப் போய்விடுகிறது. ஊதுபத்தியை அடியில் கொண்டுபோனபோதுதான் உண்மையான எதிரி தெரிந்தது. துளைகளை மூடும் தகடுகள் கிண்ணத்தின் வளைவோடு முழுக்க ஒட்டுவதில்லை. முழுக்க மூடியிருக்கும்போதே மூன்று இடத்திலும் பத்திப்புகை சரசரவென்று உள்ளே போனது. அந்தக் காற்று ஒவ்வொன்றும் கரி வழியாகத்தான் மேலே ஏறுகிறது.

இதற்கு என்னிடம் தொழில் சாமானே இருந்தது: டக்ட் இணைப்புகளுக்கு ஒட்டும் அலுமினிய ஃபாயில் டேப். சாம்பல் வாளியைக் கழற்றிவிட்டு, மூன்று துளைகளில் இரண்டை வெளிப்பக்கத்திலிருந்து அந்த டேப்பால் அடைத்தேன். ஒரே ஒரு துளையில் அடுப்பு ஓடுகிறது. 225க்கு அது தாராளம். கோழியோ ஸ்டேக்கோ பெரிய தீயில் செய்யும் நாளில் உரித்துவிடுகிறேன். அந்தச் சூட்டில் டேப்பின் பசை தாங்காது, அவ்வளவு சூட்டுக்கு மூன்று துளையும் வேண்டும். நீண்ட சமையலில் பிரிக்கெட் சாம்பல் அந்த ஒற்றைத் துளையை மூடிவிடும் என்பதை மறக்கக் கூடாது. சூடு காரணமில்லாமல் இறங்கினால் அடித்துளையைத் திறப்பதற்கு முன்பு, நெம்புகோலை மெதுவாக ஒருமுறை இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள். வேகமாக ஆட்டினால் சாம்பல் கிளம்பி இறைச்சியில் படியும்.

அப்படியானால் கேஸ்கெட் வீணா என்றால், இல்லை. நான் முதலில் வாங்கிய நாடா தீயின் பக்கம் பசை விட்டுத் தொங்கியது. பெயர் வேண்டாம், பல கடைகளிலும் இதே கதையைக் கேட்டிருக்கிறேன். பிறகு வாங்கியது கனமானது; ஒட்டுவதற்கு முன் விளிம்பை அசிட்டோனால் துடைத்து, ஒட்டிய பிறகு ஒரு நாள் முழுக்க மூடியைப் போட்டு அழுத்தத்தில் விட்டேன். அது நிற்கிறது. அதனால் சூடு நிலைபெறுவதில் பெரிய மாற்றம் தெரியவில்லை. வேறு இரண்டு நன்மைகள் உண்டு. தெர்மாமீட்டர் கம்பியை விளிம்பு வழியாக நசுங்காமல் உள்ளே கொண்டுபோகலாம். மற்றதைக் கடைசியில் சொல்கிறேன். பழைய கெட்டிலாக இருந்தால், விளிம்பில் பல வருடப் புகையும் கொழுப்பும் சேர்ந்து தானாகவே ஒரு கேஸ்கெட் உருவாகியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கடை நாடாவை ஒட்டத் தேவையில்லை.

கம்பிக்காகக் கெட்டிலில் துளை போடுவதையும், கீல் வைப்பதற்காக மூடியைத் துளைப்பதையும் நான் ஆதரிக்க மாட்டேன். மேலே இருக்கும் கறுப்பு மெருகு வெறும் பெயின்ட் அல்ல. எஃகின் மேல் கண்ணாடியை உருக்கிப் படியவைத்த எனாமல். டிரில் பட்ட இடத்தைச் சுற்றி அது சில்லு சில்லாகத் தெறிக்கும். எனாமல் போன இடத்தில் துரு ஆரம்பிக்கும். டெக்சாஸ் மழைக்கும் வெயிலுக்கும் கூரையில்லாமல் நின்று பல வருடம் கழித்தும் என் கெட்டில் புதுசாக இருப்பதற்கு அந்த எனாமல்தான் காரணம். அதே போல, சொந்தமாகக் கூடை செய்கிறேன் என்று துத்தநாகம் பூசிய தகட்டையோ வலையையோ கரிக்கு அருகில் வைக்காதீர்கள். கரிச் சூட்டில் அதிலிருந்து வரும் புகை உடம்புக்குக் கெடுதல். கறுப்பு எஃகு அல்லது துருப்பிடிக்காத எஃகு மட்டும்.

ஊதுவிசிறி பற்றி. அடித்துளையில் ஒரு சின்ன விசிறியை மாட்டி, தெர்மாமீட்டரோடு இணைத்து, சூடு குறையும்போது தானாக ஊதும் கருவி. நண்பர் வீட்டில் இருக்கிறது. ராத்திரி முழுக்கத் தூங்கலாம் என்பது பெரிய கவர்ச்சி. காற்றுப் புகாத பீங்கான் அடுப்புகளில் அது அற்புதமாக வேலை செய்யும், ஏனென்றால் விசிறி நின்றதும் காற்று அடியோடு நின்றுவிடும். கெட்டிலில் விசிறி நின்ற பிறகும் இடுக்குகள் ஊட்டிக்கொண்டே இருக்கும். விசிறியால் சூட்டை ஏற்ற முடியுமே தவிர இறக்க முடியாது. கெட்டிலை ஒட்டியோ அதற்கு மேலேயோ விலை வருகிறது. கெட்டிலுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இடுக்குகளை அடைத்து, துளையைச் சரியாக வைத்த கெட்டில் விசிறி இல்லாமலே நிற்கும்.

இத்தனையும் சேர்ந்து என்ன தருகிறது என்பதற்கு ஒரு செம்மறித் தோளைச் சொல்கிறேன். ஐந்தாறு பவுண்டு, எலும்போடு. முந்தின ராத்திரியே உப்பு தடவி ஃபிரிட்ஜில் திறந்தபடி வைப்பேன். காலையில் கொரகொரப்பாக இடித்த மிளகு, கொஞ்சம் சோம்பு, அவ்வளவுதான். இஞ்சி பூண்டு விழுது வேண்டாம். அது கருகிக் கசக்கும். விறகு பீகன் மரம். போஸ்ட் ஓக்கும் நல்லதுதான், மெஸ்கீட் விறகு ஆட்டுக்கறிக்கு முரட்டுத்தனம். விறகைத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்வார்கள். அதனால் பயனில்லை, தண்ணீர் மேல்தோலைத் தாண்டி உள்ளே போவதில்லை; ஆவியாகி முடிக்கும்வரை அழுக்கு வெள்ளைப் புகைதான் வரும். ஆரம்பத்தில் வரும் அடர்ந்த வெள்ளைப் புகை அடங்கி, மேல் துளையில் நீலம் பாய்ந்த மெல்லிய புகை வரும்வரை இறைச்சியை உள்ளே வைக்காதீர்கள்.

240ஐ ஒட்டி மூன்று மணி நேரம் ஓடிய பிறகு, உள்சூடு 155, 160 வாக்கில் நின்றுவிடும். ஒரு மணி, இரண்டு மணி நேரம் அசையாது. தீ குறைந்துவிட்டதோ என்று துளைகளைத் திறந்துவிடத் தோன்றும் நேரம் இதுதான். இறைச்சியின் மேற்பரப்பில் ஈரம் ஆவியாவதால் ஏற்படும் குளிர்ச்சியே இதற்குக் காரணம் என்று இயற்பியலாளர் கிரெக் பிளாண்டர் சோதனை செய்து காட்டியிருக்கிறார். ஏசி வேலையில் இருக்கிறவனுக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம், பாலைவனத்து ஏர்கூலர் இதே தத்துவத்தில்தான் ஓடுகிறது. தட்டின் மட்டத்துத் தெர்மாமீட்டர் 240 காட்டுகிறது என்றால் அடுப்பைத் தொடாதீர்கள். மேற்பரப்பு நன்றாகக் கறுத்துவிட்டது என்றால் புட்சர் பேப்பர் என்ற இறைச்சி சுற்றும் தடித்த தாளில் இறுக்கிச் சுற்றிவிடலாம். ஆவி குறையும், சூடு மறுபடி ஏறும். 200 டிகிரியை ஒட்டி, கம்பி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கினால் தயார். ஒரு மணி நேரம் வெறும் ஐஸ் பெட்டியில் துண்டு சுற்றி வைத்த பிறகு பிரித்தால் எலும்பு கையோடு வரும். என் மனைவி அதைச் சின்ன வெங்காயத்தோடு ஒரு புரட்டுப் புரட்டி பரோட்டாவில் வைத்துத் தருவாள். லாக்ஹார்ட்டில் வரிசையில் நின்று சாப்பிட்ட எதற்கும் அது குறைந்ததில்லை என்று முழு மனதோடு சொல்வேன்.

கேஸ்கெட்டின் இரண்டாவது நன்மை இந்தக் கட்டத்தில்தான் தெரியும். இறைச்சியை எடுத்ததும் மேல் துளை, அடித்துளை இரண்டையும் முழுக்க மூடிவிடுங்கள். முன்பெல்லாம் இப்படி மூடிய பிறகும் கரி மணிக்கணக்கில் கனன்று பாதி சாம்பலாகிவிடும். இப்போது விளிம்பில் நாடாவும் அடியில் டேப்பும் இருப்பதால் அரை மணி நேரத்துக்குள் தீ மூச்சடங்கிவிடுகிறது. கூடையில் மிஞ்சும் கரி மூன்றில் ஒரு பங்காவது இருக்கும். மறுநாள் சாம்பலை உதறிவிட்டு, அதன் மேலேயே புதுக் கரியைப் போட்டு அடுத்த சமையலுக்கு வைத்துக்கொள்ளலாம். தீ அணைந்தது போலத் தெரிந்தாலும் அன்று ராத்திரியே கெட்டிலைக் கராஜுக்குள் தள்ளி வைக்காதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. சாம்பலையும் முழுக்க ஆறிய பிறகு மூடியுள்ள இரும்பு வாளியில்தான் கொட்ட வேண்டும்.